வெற்றிலைக் கொடியும் மிளகுக் கொடியும்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பாடநூல்களும் பெரும்பாலும் அவற்றையே சொல்லுகின்றன. ஆயினும் நம் வீட்டுப் பின்புறத்தில், குழாயடி ஈரத்தில், ஒரு கம்பைப் பற்றிக்கொண்டு ஏறி நிற்கும் கொடிக்கும் வரலாறு உண்டு. அது பல அரச வம்சங்களைவிடப் பழமையானது, கடல் கடந்தது, நம் குடும்பங்களின் நல்லது கெட்டது அனைத்திலும் கலந்தது. இன்று நாம் வெற்றிலைக் கொடியைப் பற்றியும், அதன் உடன்பிறப்பாகிய மிளகுக் கொடியைப் பற்றியும் பேச இருக்கிறோம். ஜொகூர் மாநிலத்துச் செடெனாக் வட்டாரத்தை நடுவில் வைத்துக்கொண்டு இவ்வரலாற்றைக் காண்போம்.

செடெனாக், கூலாய் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். கூலாய்க்கும் லாயாங் லாயாங்குக்கும் இடையில், இரயில் பாதையை ஒட்டி அமைந்திருக்கிறது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் இப்பாதை 1909ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அதன் பிறகுதான் இரு மருங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ரப்பரைத் தொடர்ந்து செம்பனை வந்தது. இன்று அந்தச் செம்பனை நிலத்தின் ஒரு பகுதியில் செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா எழுந்து, கணினித் தரவு மையங்கள் வரிசையாக நிற்கின்றன. காடு, ரப்பர், செம்பனை, கணினி என்று நிலத்தின் முகம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் ரப்பருக்கு முன்பு ஜொகூர் மாநிலம் எதனால் பிழைத்தது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் பலருக்கும் விடை தெரியாது. விடை இதுதான்: கொடிகளால் பிழைத்தது. மிளகும் கம்பிரும் என்னும் இரு கொடிகளே ஜொகூரின் முதல் தோட்டப் பயிர்கள்.

முதலில் இக்கொடிகளின் குடும்பத்தைத் தெரிந்துகொள்வோம். வெற்றிலையும் மிளகும் தாவர இயலில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்துக்குப் 'பைப்பர்' என்று பெயர். இரண்டின் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதய வடிவம், இலையின் அடியிலிருந்து வளைந்து எழும் நரம்புகள், கசக்கினால் வரும் காரமான மணம் எல்லாம் உறவைக் காட்டிக் கொடுத்துவிடும். கணுவுக்குக் கணு சிறு வேர் விட்டு, மரத்தையோ கம்பையோ பற்றிக்கொண்டு ஏறுவதும் இரண்டுக்கும் பொதுவான குணம்.

உறவு ஒன்றாயினும் பிறந்தகம் வேறு. மிளகின் பிறந்தகம் நம் முன்னோர் வாழ்ந்த பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகள். வெற்றிலையின் பிறந்தகமோ இந்தப் பக்கம். மலாய்த் தீவுகளும் தென்கிழக்காசிய நாடுகளும் அடங்கிய வட்டாரம் என்பதே அறிஞர்களின் பொதுவான கருத்து. பிலிப்பைன்ஸ் நாட்டின் பலவான் தீவில் துயோங் என்னும் குகை உண்டு. அங்கு ஏறத்தாழ 4600 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு மனிதரின் எலும்புக்கூடு கிடைத்தது. பற்களில் கறை படிந்திருந்தது; அருகில் சுண்ணாம்பு வைக்கும் சிப்பிகளும் இருந்தன. தாம்பூலம் தரிக்கும் பழக்கம் இந்தத் தீவுகளில் எவ்வளவு தொன்மையானது என்பதற்கு அது சான்று.

இங்கே ஒரு வியப்பைக் கவனியுங்கள். இந்தப் பக்கத்துக் கொடியாகிய வெற்றிலை வங்கக் கடலைத் தாண்டித் தமிழகம் சென்றது. அந்தப் பக்கத்துக் கொடியாகிய மிளகு அதே கடலைத் தாண்டி இங்கு வந்தது. யார் முதலில் கொண்டு போனார்கள், யார் கொண்டு வந்தார்கள் என்பதற்குப் பெயர் இல்லை. கப்பலோட்டிகளும் வணிகர்களும் பல நூற்றாண்டுகளாகச் செய்த கொடுக்கல் வாங்கலில் இந்த இரு கொடிகளும் இடம் மாறின.

தமிழகம் சென்ற வெற்றிலை அங்கேயே பிறந்தது போல ஊன்றிவிட்டது. சிலப்பதிகாரத்தில், சிலம்பை விற்கப் புறப்படும் கோவலனுக்குக் கண்ணகி தன் கையால் சமைத்துப் பரிமாறி, உணவுக்குப் பின் வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். அந்தத் தம்பதியர் கொண்ட கடைசி விருந்து அதுவே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அங்குள்ள மக்கள் எந்நேரமும் ஓர் இலையை வாயில் அடக்கி மெல்லுகிறார்கள் என்று குறித்து வைத்தார். அந்தக் காயலுக்கு அருகிலுள்ள ஆத்தூர் இன்றைக்கும் வெற்றிலைக்குப் பெயர் பெற்ற ஊர். ஆத்தூர் வெற்றிலைக்கும் மதுரைப் பக்கத்துச் சோழவந்தான் வெற்றிலைக்கும் 2023ஆம் ஆண்டில் இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. 14ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த இபுனு பதூதா, வெற்றிலையைத் திராட்சைக் கொடி போலப் பந்தல் போட்டோ, தென்னை மரத்தில் ஏற்றியோ வளர்க்கிறார்கள் என்றும், காய்க்காக அன்றி இலைக்காகவே அதை வளர்க்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

வெற்றிலை என்ற பெயரையும் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். வெறு, இலை என்னும் இரு சொற்கள் சேர்ந்து வெற்றிலை ஆயிற்று. பூவையும் காயையும் எதிர்பாராமல் இலைக்காகவே வளர்க்கப்படுவதால் அது வெறும் இலை. மலையாளத்தில் அது வெற்றில. போர்த்துக்கீசியர் அச்சொல்லைத் தங்கள் நாவுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ள, அதுவே பின்னர் ஆங்கிலத்தில் 'பீட்டல்' ஆயிற்று. மலாயில் இதற்குச் 'சீரே' என்று பெயர். பாக்குக்குப் 'பினாங்', அந்தப் பாக்கு மரத்தின் பெயரையே ஒரு தீவுக்கும் வைத்துவிட்டார்கள்.

மிளகின் கதையோ தங்கத்தின் கதை. முசிறித் துறைமுகத்துக்கு யவனர் கப்பல்கள் பொன்னைக் கொண்டு வந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு பதிவு செய்திருக்கிறது. எகிப்து நாட்டில் பெரெனிக்கே என்னும் பழைய துறைமுகத்தைத் தோண்டிய ஆய்வாளர்களுக்கு, இந்தியப் பெரிய மண் சாடி ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. சுமார் 2000 ஆண்டுகளாக மண்ணுக்குள் இருந்த மிளகு அது. பின்னர் மிளகுக் கொடியே கிழக்கு நோக்கிப் பயணம் செய்தது. 15ஆம் நூற்றாண்டில் சீனக் கடற்படையோடு வந்த மா ஹுவான் என்பவர், சுமத்ராவின் வடபகுதியில் மக்கள் மிளகு பயிரிடுவதைக் கண்டு எழுதினார். சுமத்ராவுக்கு வந்துவிட்ட கொடிக்கு ஜொகூர் தொலைவன்று.

இனி ஜொகூருக்கு வருவோம். 1819இல் ராபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கியபோதே அங்குக் கம்பிர்த் தோட்டங்கள் இருந்தன. கம்பிர் என்பதும் ஏறுகொடி வகையே. கிளைகளில் கொக்கி போன்ற முட்கள் உண்டு. அவற்றால் மாட்டிக்கொண்டு ஏறும். தோட்டத்தில் அதை ஒடித்து ஒடித்துப் புதராக வைத்திருப்பார்கள். இலையைப் பெரிய கொப்பரையில் வேகவைத்துச் சாற்றைக் காய்ச்சினால் துவர்ப்பான கட்டி கிடைக்கும். நம்மவர் காசுக்கட்டி என்று சொல்லும் பொருளைப் போன்றது அது. மலாய்க்காரர்கள் அதை வெற்றிலையோடு சேர்த்து மென்றார்கள். ஐரோப்பியரோ தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் அதை விரும்பி வாங்கினார்கள்.

கம்பிரும் மிளகும் ஒன்றுக்கொன்று துணை. வேகவைத்து எடுத்த கம்பிர் இலைச் சக்கையை மிளகுக் கொடியின் அடியில் போட்டால், அது மண்ணை ஈரமாக வைத்து உரமும் ஆகும். ஆகவே சீனத் தோட்டக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே பயிரிட்டனர். சிங்கப்பூரில் மண் சத்திழந்தபோது அவர்கள் நீரிணையைக் கடந்து ஜொகூருக்கு வந்தார்கள். தெமெங்கோங் இப்ராஹிம் அவர்களை வரவேற்றார். 1844ஆம் ஆண்டு முதல் 'சூராட் சுங்கை' எனப்படும் ஆற்று உரிமைக் கடிதங்கள் வழங்கப்பட்டன. ஓர் ஆற்றின் கரையைத் திருத்திப் பயிர் செய்யும் உரிமையை அக்கடிதம் தந்தது. அந்தக் குடியிருப்பின் தலைவருக்குக் காங்சு என்றும், குடியிருப்புக்குக் காங்கார் என்றும் பெயர். இன்றும் காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்று ஊர்ப் பெயர்கள் வழங்குவதை நாம் அறிவோம். அந்தப் பெயர்களைச் சொல்லும்போதெல்லாம் நாம் மிளகுக் காலத்தின் பெயரையே சொல்லுகிறோம்.

1855இல் தஞ்சோங் புத்ரி என்று தோன்றிய சிற்றூர் 1866இல் ஜொகூர் பாரு என்று பெயர் மாற்றம் பெற்றது. 1885இல் சுல்தான் பட்டம் பெற்ற அபு பாக்கார், புதிய ஜொகூரை உருவாக்கியவர் என்று போற்றப்படுகிறார். அவருடைய அரசாங்கத்தின் வருவாய்க்கு இந்தக் கொடிப் பயிர்களே அடித்தளம். தான் ஹியோக் நீ போன்ற சீனத் தலைவர்கள் இதில் பெருஞ்செல்வம் சேர்த்தனர். ஜொகூர் பாரு நகரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இன்றும் இருக்கிறது. ஆனால் கொப்பரை முன்னால் நின்று வெந்த கூலித் தொழிலாளர்களின் பெயர் எந்தச் சாலைக்கும் வைக்கப்படவில்லை. கடன் பட்டு வந்து, காட்டில் புலிக்கும் காய்ச்சலுக்கும் இடையில் உழைத்த சீனத் தொழிலாளிகள் அவர்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களாகிய நாம், இந்த மண்ணில் நமக்கு முன்னால் உழைத்தவர்கள் என்று அவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பயிர்முறை ஏன் நிலைக்கவில்லை? காரணம் மண்ணிலும் விறகிலும் இருந்தது. கம்பிர் காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்காகச் சுற்றியுள்ள காடு அழிந்தது. கம்பிர் மண்ணின் சத்தை விரைவில் உறிஞ்சிவிடும். ஏறத்தாழ பதினைந்து இருபது ஆண்டுகளில் நிலம் களைத்துப் போகும். தோட்டக்காரர் அதைக் கைவிட்டு அடுத்த ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். விட்டுப்போன நிலத்தில் லாலாங் புல் மண்டியது. இதற்குள் ரப்பர் வந்துவிட்டது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் தொடங்கிய ரப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பிரையும் மிளகையும் ஓரம் தள்ளிவிட்டது. 1917இல் காங்சு உரிமை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. மலேசியாவின் மிளகில் பெரும்பகுதி இன்று சரவாக் மாநிலத்தில் விளைகிறது.

ரப்பரோடுதான் நம் முன்னோர் பெருந்தொகையாக வந்தனர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. கப்பல் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கட்டி வந்தனர். 1938இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்யும் வரையில் இது நடந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள், பழகிய பொருள்கள் பலவற்றை விட்டுவிட்டே வந்தார்கள். ஆனால் லயத்து வீட்டில் குடியேறியதும் ஒரு பொருளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அதுதான் வெற்றிலை. பக்கத்துக் கம்பத்தில் மலாய்க்காரர் வீட்டு வேலியில் சீரே படர்ந்திருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்திலிருந்து தமிழகம் சென்ற கொடி, இங்கே தன் பிறந்தகத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தது எனலாம்.

மொழி தெரியாவிட்டாலும் வெற்றிலை தெரிந்தது. நாம் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றுகிறோம். மலாய்க்காரர்களோ பெண் கேட்பதற்கே 'மெமினாங்' என்று சொல்கிறார்கள். அது பாக்கு என்னும் பொருள்படும் பினாங் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கம்பிர் வைக்கும் அவர்களது 'தெப்பாக் சீரே' பெட்டியும், நம் பாட்டிமார் வைத்திருந்த வெற்றிலைப் பெட்டியும் ஒரே வேலையைச் செய்தன. கொடி ஏற நடும் கம்புக்கு அவர்கள் 'ஜுஞ்ஜோங்' என்பார்கள். தரையிலேயே படரும் கடுக் என்னும் செடி வெற்றிலை போலவே இலை உடையது. தகுதிக்கு மீறி உயர நினைப்பவனை, கடுக் ஜுஞ்ஜோங்கில் ஏறியது போல என்று கேலி செய்யும் பழமொழியும் மலாயில் உண்டு.

இப்போது ஓர் உண்மையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். வெற்றிலையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. வளர்ப்பில் உள்ளவற்றில் பெரும்பாலானவை காய்த்து விதை தருவதில்லை. ஆகவே வெற்றிலையை விதையிட்டு வளர்ப்பது வழக்கமில்லை. கொடித்துண்டை வெட்டி நட்டே பெருக்குகிறார்கள். அப்படியானால், செடெனாக்கில் ஒரு வீட்டில் நிற்கும் கொடி, அடுத்த வீட்டுக் கொடியின் துண்டு; அது இன்னொரு தோட்டத்துக் கொடியின் துண்டு. ஒருவர் வெட்டிக் கொடுத்து இன்னொருவர் வாங்கி நட்டு, கை மாறிக் கை மாறியே அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. எங்கேனும் ஒரு தலைமுறை கொடுக்கத் தவறினால் அந்த வரிசை அங்கே அறுந்துவிடும்.

நம் தோட்ட வாழ்வுக்கு இது பொருந்தி வந்தது. லயத்து வீடும் நிலமும் நமக்குச் சொந்தமில்லை. தென்னை நட்டால் விட்டுப் போக வேண்டும். மா நட்டாலும் அப்படியே. வெற்றிலைக் கொடியை மட்டும் ஒரு முழம் வெட்டி, ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகலாம். 1950களிலும் அதன் பின்னரும் வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அக்காலத்தில்தான், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும், தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோதும், குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தன. லயம் இடிபடும்போது கோயில் சிலையை எடுத்துச் செல்ல ஊரே கூடுகிறது. குழாயடியில் நின்ற கொடியை நினைப்பவர் சிலரே. ஆகவே இக்கொடியை வளர்க்கும் முறையையும் நாம் இங்கே சொல்லிவிடுவது பொருத்தமாகும்.

தமிழகத்தில் வெற்றிலைத் தோட்டத்துக்குக் கொடிக்கால் என்று பெயர். அங்கே முதலில் அகத்தியை வரிசையாக விதைப்பார்கள். அகத்தி எழுந்து நிழல் தரத் தொடங்கியதும் அதன் அடியில் வெற்றிலைக் கொடியை நடுவார்கள். கொடி ஏறக் கம்பும் அதுவே, வெயிலை மறைக்கும் குடையும் அதுவே. இந்தப் பழைய முறையில் வெற்றிலை வளர்ப்பின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது: மிதமான நிழல் வேண்டும், பற்றிக்கொள்ள ஒன்று வேண்டும், ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது.

நோயற்ற கொடியின் மேற்பகுதியிலிருந்து மூன்று நான்கு கணுக்கள் உள்ள துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். கணுவிலிருந்துதான் வேர் வரும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பூச்சட்டியிலேயே வளர்க்கலாம். சட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். துளையின் மேல் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் போட்டு, இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். காலை இளவெயில் படும் இடம் நல்லது. உச்சி வெயில் இலையைக் கருக்கிவிடும். வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாயில் வேர் பற்றாது. தேங்காய் நாரைக் கம்பில் சுற்றிக் கட்டி, அதை ஈரமாக வைத்திருந்தால் கொடி தானே பற்றி ஏறும்.

இலை பறிக்கும்போது அடியிலுள்ள முற்றிய இலைகளைக் காம்போடு கிள்ளி எடுங்கள். நுனியைத் தொட வேண்டாம். நாளடைவில் கொடி உயர்ந்து அடித்தண்டு மொட்டையாகும். அப்போது கொடியைக் கம்பிலிருந்து பக்குவமாக இறக்கி, மொட்டைத் தண்டை வளையமாகச் சுற்றிச் சட்டி மண்ணில் வைத்து மூடி, நுனியை மறுபடியும் கம்பில் ஏற்றிக் கட்டுங்கள். புதைத்த கணுக்கள் வேர் விட்டுக் கொடி இளமை பெறும். கொடிக்கால்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது.

ஜொகூரில் ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவ மழை கொட்டும். அப்போதுதான் வெற்றிலைக்கும் மிளகுக்கும் பகையான அழுகல் நோய் வரும். தண்டின் அடி கறுத்து மெத்தென்றாகும். இலைகள் திடீரென வாடும். ஈர மண்ணில் பரவும் ஒரு நுண்ணுயிரே காரணம். தரையில் நட்டிருந்தால் அடி மண்ணை மேடாக்கி நீர் வடிய வழி செய்யுங்கள். சட்டியாயின் கூரை ஓரத்துக்கு நகர்த்துங்கள். நோய் கண்ட கொடியை வேரோடு எடுத்து மண்ணோடு அப்புறப்படுத்த வேண்டும். அதிலிருந்து துண்டு வெட்டி எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்வோருக்கு ஒரு சொல். களைக்கொல்லி வந்த கலன்களைக் கழுவி அவற்றில் வெற்றிலையோ கீரையோ நட வேண்டாம். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. வேறு மருந்துகளும் நஞ்சே. வாயில் வைக்கும் இலைக்கு அருகில் அவற்றின் வாடையும் வரக்கூடாது. இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பல வீடுகளில் அழகுக்கு வளர்க்கும் மணி பிளாண்ட் என்னும் கொடியின் இலையும் பார்ப்பதற்கு வெற்றிலை போல இருக்கும். அது பசிபிக் கடலில் மோரியா என்னும் தீவிலிருந்து வந்த வேறு குடும்பத்துச் செடி. அதன் சாற்றிலுள்ள ஊசி போன்ற உப்புத் துகள்கள் வாயையும் தொண்டையையும் எரித்து வீங்கச் செய்யும். கசக்கி மணம் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். வெற்றிலைக்குக் கார மணம் உண்டு, மணி பிளாண்டுக்கு அது இல்லை.

இறுதியாக, சொல்லக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன் ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டால் பசி தெரியாது, களைப்புத் தெரியாது என்பது நம் பெண்களின் அனுபவம். அதில் உண்மை உண்டு; பாக்கில் உள்ள சத்து நரம்புகளைத் தூண்டும். ஆனால் அதற்கு விலையும் உண்டு. புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985இலேயே அறிவித்தது. புகையிலை சேர்க்காத தாம்பூலமும், பாக்கும்கூடப் புற்றுநோய் தரும் என்று அதே அமைப்பின் 2004ஆம் ஆண்டு அறிக்கை உறுதி செய்தது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் பிற இனத்தாரைவிட இந்தியரிடமே அதிகம் காணப்படுகிறது. தோட்டப் பெண்களின் வெற்றிலைப் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

வாய்க்குள் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமை, காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கண்டால், தாமதிக்காமல் அரசாங்கப் பல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் கண்டால் காப்பாற்றலாம். வலி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம்; தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. பாட்டி மென்றாளே, ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்வதும் கூடாது. ஒரு பாட்டி தப்பியதை நாம் நினைவில் வைக்கிறோம். தப்பாதவர்களைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

அப்படியானால் கொடியை வெட்டி எறிந்துவிட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். புற்றுநோய்க்கு அந்த ஆய்வுகள் சுட்டும் பொருள்கள் பாக்கும் புகையிலையும். தாம்பூலத் தட்டில் வைப்பதற்கும், அம்மன் கோயில் படையலுக்கும், பெரியவர்களை அழைப்பதற்கும், இறந்தவருக்குச் செய்யும் கடனுக்கும் இலை வேண்டும். இவற்றில் எதற்கும் நாள்தோறும் பாக்கை மெல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தட்டில் மரியாதைக்கு வைப்போம். வாயில் வழக்கமாக அடக்குவதை விடுவோம். பெற்றோர் விட்டால் பிள்ளைகள் தொடங்கமாட்டார்கள்.

நேயர்களே, ஜொகூரின் மிளகுக் கொடி செல்வம் கொடுத்தது. மண் களைத்ததும் மறைந்தது. வெற்றிலைக் கொடி செல்வம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்ததால் நின்றது. செடெனாக்கிலோ, ரெங்கத்திலோ, குளுவாங்கிலோ, உங்கள் பழைய தோட்டத்தில் இன்னும் ஒரு கொடி நிற்குமானால், அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது ஒரு முழம் கேட்டு வாங்கி வாருங்கள். கொடுப்பவரிடம், இது எந்தத் தோட்டத்திலிருந்து வந்த கொடி, யார் கொடுத்தது என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத உங்கள் குடும்ப வரலாற்றின் முதல் பக்கம் அதுவாக இருக்கக்கூடும்.